சைக்கிள் ரேக் மாட்டிய கேம்பர் வேனில் பின்கதவு ஸ்ட்ரட் மாற்றுவது எப்படி

கேம்பர் வேனின் பின்கதவில் சைக்கிள் ரேக் மாட்டிய கொஞ்ச நாளிலேயே பலர் ஒரு கம்பை வண்டிக்குள் போட்டு வைத்துக்கொள்கிறார்கள். கதவைத் தூக்கினால் நிற்பதில்லை. இல்லையென்றால் நிற்பதுபோல் நின்று, பின்பக்க அடுப்படியில் நீங்கள் குனிந்திருக்கும்போது சத்தமில்லாமல் இறங்கி முதுகில் உட்காருகிறது. கம்பு நிரந்தரத் தீர்வு அல்ல. ஒருநாள் வழுக்கும், அல்லது யாராவது காலால் தட்டிவிடுவார்கள். வேனின் பின்கதவு கண்ணாடியோடு சேர்த்து 40 கிலோ வரை இருக்கக்கூடிய பொருள். அதன் கீழ்விளிம்பு தலையில் இறங்கினால் தையல் போடுவதோடு முடிந்தால் அதிர்ஷ்டம்.

கதவின் இரண்டு பக்கமும் இருக்கும் கேஸ் ஸ்ட்ரட்டுகளை, அதாவது கதவைத் தள்ளித் தூக்கி நிறுத்தும் வாயு அடைத்த தண்டுகளை, மாற்றினால் வேலை முடிந்தது. கழற்றி மாட்டுவது அரை மணி நேர வேலைதான். அதில் யாரும் பெரிதாகத் தப்பு செய்வதில்லை. தப்பு நடப்பது வாங்கும் இடத்தில். பழையதில் அச்சடித்திருந்த நியூட்டன் எண்ணையே (அது தள்ளும் விசையின் அளவு) பார்த்து வாங்கினால், ரேக்கின் எடை கணக்கில் வராமல் போகிறது; ஒரு குளிர்காலம் வந்ததும் கதவு மறுபடி தொங்கும். "கிடைப்பதிலேயே பலமானது கொடுங்கள்" என்று வாங்கினால், ரேக்கைக் கழற்றிய நாளில் கதவை மூட இரண்டு பேர் தொங்க வேண்டிவரும், கீல்களும் வளையும். அதனால் இந்தக் கட்டுரையில் பாதி, எத்தனை நியூட்டன் என்று கண்டுபிடிப்பதற்கே போகும்.

இது பின்கதவிலேயே பொருத்தப்படும் ரேக்குகளுக்கான கட்டுரை. இழுவைக் கொக்கியில் உட்காரும் ரேக்கின் எடை ஸ்ட்ரட்டுக்கு வருவதில்லை. மோட்டாரால் தானே திறந்து மூடும் கதவு என்றால் இதில் கை வைக்காதீர்கள். அங்கே ஸ்ட்ரட்டின் பலத்தை நம்பித்தான் மோட்டாரின் கணக்கு ஓடுகிறது.

ஸ்ட்ரட்டுக்குள் என்ன இருக்கிறது

மூடி முத்திரையிட்ட ஒரு சிலிண்டர், அதற்குள் அழுத்தி அடைத்த நைட்ரஜன், கொஞ்சம் எண்ணெய், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பளபளப்பான தண்டு. தண்டை வெளியே தள்ளுவது வாயு. தண்டு வெளிவரும் இடத்தில் கசியாமல் அடைத்திருக்கும் சீலை (seal) ஈரமாக வைத்திருப்பதும், தண்டு முழுதாக நீளும் கடைசி நொடியில் வேகத்தைக் குறைப்பதும் எண்ணெய். கதவு மேலே போய் "டப்" என்று அடிக்காமல் மெத்தென்று நிற்பது அந்த எண்ணெயால்தான்.

உள்ளே எவ்வளவு அழுத்தம் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. தண்டின் விட்டம் 10 மி.மீ. என்றால் அதன் குறுக்குப் பரப்பு சுமார் 78.5 சதுர மி.மீ. அது 800 நியூட்டன் விசையோடு தள்ளுகிறது என்றால் உள்ளே 100 பாருக்கு மேல் அழுத்தம் இருக்கிறது. 8 மி.மீ. தண்டு என்றால் கிட்டத்தட்ட 160 பார். கார் டயரில் இருப்பது இரண்டரை, மூன்று பார். எனவே ஸ்ட்ரட்டைத் துளைப்பது, அறுப்பது, வெல்டிங் பக்கத்தில் வைப்பது, தீயில் போடுவது எதுவும் கூடாது. பழையது "செத்துவிட்டது" என்று தோன்றினாலும் உள்ளே பெருமளவு அழுத்தம் மிச்சமிருக்கும்.

சிலிண்டர் மீது அச்சடித்திருக்கும் நியூட்டன் எண், புதிதாக இருந்தபோது 20 டிகிரி வெப்பத்தில், தண்டு ஏறக்குறைய முழுதாக நீண்ட நிலையில் அளந்த விசை. இன்றைக்கு அதில் எவ்வளவு மிச்சம் என்பதை அந்த எண் சொல்லாது.

முதலில் ஸ்ட்ரட்தான் காரணமா என்று பாருங்கள்

தண்டைத் துணியால் துடைத்துப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் சீல் போய்விட்டது. தண்டில் துரு, குழி, கீறல் தெரிந்தால் இன்று கசியாவிட்டாலும் விரைவில் கசியும், ஏனென்றால் அந்தக் குழியின் விளிம்பு ஒவ்வொரு முறையும் சீலை அரம்போல் ராவிக்கொண்டு போகும். ரேக்கைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்தால் முன்புபோல் நிற்கிறதா? நின்றால் ஸ்ட்ரட் நன்றாகவே இருக்கலாம், ரேக்கின் எடையைத் தாங்கும் அளவு இல்லை என்பதுதான் பிரச்சினை. ரேக் இல்லாமலும் இறங்கினால் ஸ்ட்ரட் தேய்ந்துவிட்டது.

கீல்களையும் இப்போதே பார்த்துவிடுங்கள். கதவின் கீழ்விளிம்பைப் பிடித்து இடவலமாக மெல்ல ஆட்டினால் கீலில் ஆட்டம் தெரியக்கூடாது. கீலைச் சுற்றி பெயின்டில் மயிரிழை வெடிப்பு இருந்தால், பலமான ஸ்ட்ரட் போடுவதற்கு முன்னால் அதைச் சரிசெய்ய வேண்டும். வண்டி ஓடும்போது ரேக்கையும் சைக்கிள்களையும் சுமப்பது கீலும் பூட்டும்தான். ஸ்ட்ரட் அதில் எதையும் சுமப்பதில்லை. ஆகவே ஸ்ட்ரட்டைப் பலமாக்கியதால் ரேக்கில் ஏற்றக்கூடிய எடை ஒரு கிலோகூட அதிகமாகாது. அந்த வரம்பு ரேக்குக்கும் வேனுக்கும் தயாரிப்பாளர் சொன்னதுதான். இரண்டில் எது குறைவோ அதுவே உங்கள் வரம்பு. பேட்டரி சைக்கிள் ஒன்றே 25 கிலோ வரும் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்று: சைக்கிள்கள் ஏற்றியபடியே கதவைத் திறப்பதற்காக ஸ்ட்ரட் மாற்றாதீர்கள். 50 கிலோ சைக்கிள்களையும் தாங்கும் ஸ்ட்ரட் போட்டால், சைக்கிளை இறக்கிய மறுகணம் அந்தக் கதவை மூடவே முடியாது. கணக்கு எப்போதும் கதவு, வெறும் ரேக் இரண்டுக்கும்தான்.

எத்தனை நியூட்டன் வேண்டும்

எளிய வழி ஒன்று இருக்கிறது. சில வேன்களுக்குத் தயாரிப்பாளரே ரேக்குடன் விற்ற வண்டிகளுக்கென்று தனி ஸ்ட்ரட் வைத்திருப்பார். வண்டியின் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து உதிரிபாகக் கடையில் கேட்டால் அப்படி ஒன்று உண்டா என்று சொல்லிவிடுவார்கள். இருந்தால் அதையே வாங்குங்கள். நீளம், குண்டின் (ஸ்ட்ரட்டின் முனை மாட்டும் உருண்டைத் தலை ஆணி) அளவு எல்லாம் பொருந்தும்.

இல்லையென்றால் அளக்க வேண்டும். தேவையானவை: உடல் எடை பார்க்கும் தட்டையான தராசு, அளவுநாடா, நூல், மூலைமட்டம், நேரான மரக்கம்பு ஒன்று, கூட ஒருவர்.

வண்டியைச் சமதளத்தில், காற்று வீசாத இடத்தில் நிறுத்துங்கள். ரேக் மாட்டியிருக்கட்டும், சைக்கிள்கள் வேண்டாம். கதவை முழுக்கத் திறந்து, அந்த நிலையில் கீழ்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில் தராசின் தடிமனைக் கழித்துக் கம்பை அறுங்கள். இரண்டுக்கு இரண்டு அங்குல மரம் போதும். மேல்முனையில் ஒரு வெட்டு வைத்து, கதவின் விளிம்பு அதில் உட்காரும்படி செய்து, பெயின்ட் உரியாமலிருக்கத் துணி சுற்றுங்கள். கம்பின் எடையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கம்பைத் தராசின் மீது செங்குத்தாக நிறுத்தி, கதவின் விளிம்பை அதில் அமர்த்துங்கள். கூட இருப்பவர் பக்கவாட்டில் நின்று கம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தூக்கவும் கூடாது, அழுத்தவும் கூடாது, கதவுக்கு அடியில் நிற்கவும் கூடாது. இரண்டு ஸ்ட்ரட்டுகளையும் கழற்றுங்கள் (கழற்றும் முறை கீழே இருக்கிறது). கதவின் பாரம் முழுதும் இப்போது கீல்களிலும் கம்பிலும் நிற்கிறது. இந்த வேலையிலேயே ஆபத்தான கட்டம் இதுதான், அவசரம் வேண்டாம். தராசு காட்டும் எண்ணிலிருந்து கம்பின் எடையைக் கழித்தால் வருவது விளிம்பில் தாங்க வேண்டிய பாரம்.

இன்னும் இரண்டு அளவுகள் தேவை. கீலின் அச்சிலிருந்து கம்பின் உச்சி வரை கிடைமட்டத் தூரம் ஒன்று. அடுத்தது கீலின் அச்சிலிருந்து ஸ்ட்ரட்டின் கோட்டுக்குச் செங்குத்துத் தூரம்: கதவு திறந்த நிலையிலேயே, ஸ்ட்ரட் மாட்டும் இரண்டு குண்டுகளுக்கு இடையே நூலை இழுத்துக் கட்டி, கீலின் நடுவிலிருந்து அந்த நூலுக்கு மூலைமட்டம் வைத்து அளக்க வேண்டும். நூலை 5 மி.மீ. பிசகாமல் அளப்பது முக்கியம். இந்தத் தூரம் சிறியது என்பதால் இதில் வரும் சின்னத் தவறு விடையில் பெரிதாகத் தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டு. ரேக்குடன் தராசில் 26 கிலோ. கீலிலிருந்து கம்புக்கு 1.15 மீட்டர். கீலிலிருந்து ஸ்ட்ரட் கோட்டுக்கு 0.19 மீட்டர்.

திருப்புத்திறன் (கதவு கீலைச் சுற்றி இறங்கப் பார்க்கும் வலு; 9.81 என்பது கிலோவை நியூட்டனாக்க): 26 × 9.81 × 1.15 = 293 நியூட்டன் மீட்டர்.
ஒரு ஸ்ட்ரட்டுக்கு: 293 ÷ (2 × 0.19) = 772 நியூட்டன் (பின்னத்தை முழுமையாக்கி).

இது கதவு ஏறாமலும் இறங்காமலும் அந்தரத்தில் நிற்கும் எண். இதை அப்படியே வாங்கக்கூடாது. வாயுவின் அழுத்தம் வெப்பத்தோடு ஏறி இறங்கும். 3 டிகிரிக்குச் சுமார் 1 சதவீதம். அச்சில் 850 நியூட்டன் என்றிருக்கும் ஸ்ட்ரட், 0 டிகிரியில் 792 நியூட்டன் மட்டும்தான் தரும். நமக்குத் தேவை 772. கதவு நிற்கும். 800 என்ற எண்ணை வாங்கியிருந்தால் 0 டிகிரியில் 745தான். குளிரான காலையில் கதவு இறங்கிவிடும். வெயிலில் காய்ந்து 40 டிகிரிக்குப் போனால் அதே 850, 908 ஆகிவிடும். கதவு கொஞ்சம் துள்ளி எழும், அவ்வளவுதான். ஆகவே கணக்கில் வந்த எண்ணோடு 10 சதவீதம் சேர்ப்பது பொதுவாகச் சரி. கடும் குளிரில் பயணம் செய்பவர்கள் 15 வரை போகலாம். அதற்கு மேல் போவதற்கு நல்ல காரணம் எதுவும் இல்லை.

ரேக்கைக் கழற்றிவிட்டு அதே அளவை ஒருமுறை கட்டாயம் எடுங்கள். மேலே உள்ள எடுத்துக்காட்டில் வெறும் கதவுக்குத் தராசு 20.5 கிலோ காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் ஸ்ட்ரட்டுக்கு 609 நியூட்டன். ரேக் மாட்டிய கதவுக்கு வாங்கிய 850 ஸ்ட்ரட்டை வெறும் கதவில் போட்டால், ஒவ்வொன்றிலும் 241 நியூட்டன் உபரி. அதைக் கீழ்விளிம்பில் கணக்கிட்டால் கதவை இறக்கத் தொடங்க 8 கிலோ பாரம் இழுக்க வேண்டும். ரேக் இருக்கும்போது இதே இழுப்பு 2.6 கிலோ மட்டுமே. 8 கிலோ இழுப்பு பெரியவர்களுக்குச் சமாளிக்கக்கூடியது. 15 கிலோ என்று வந்தால் குட்டையானவர்கள் எட்டிப் பிடித்தாலும் கதவு இறங்காது. அப்படி வந்தால் ரேக் உள்ள காலம், இல்லாத காலம் என்று இரண்டு ஜோடி வைத்துக்கொள்வதுதான் நேர்மையான வழி. மாற்றும் வேலை கைவந்துவிட்டால் பத்து நிமிடம்.

விசையைக் குறைத்துக்கொள்ளும் வால்வு உள்ள ஸ்ட்ரட்டுகளும் கிடைக்கின்றன. சிலிண்டரின் அடியில் சின்னத் திருகு இருக்கும். அதைத் தளர்த்தினால் வாயு கொஞ்சம் வெளியேறும். அளவெடுக்க முடியாத பழைய வண்டிகளுக்கு இவை நல்ல தேர்வு. ஆனால் வெளியேறிய வாயு திரும்ப வராது. தண்டு கீழே, வால்வு மேலே இருக்கும்படி பிடித்து, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, ஒரு நொடிக்கும் குறைவாகத் திறந்து உடனே மூட வேண்டும். வால்வு கீழே இருந்தால் வாயுவுக்குப் பதில் எண்ணெய் வந்துவிடும். இரண்டிலும் சம அளவு விடுங்கள். மாட்டிப் பார்த்து மறுபடி விடுங்கள்.

வாங்கும்போது ஒத்துப்பார்க்க வேண்டியவை

முழு நீளம் இரண்டு முனைகளின் குண்டு மையங்களுக்கு இடையே அளக்கப்படும், ஓரத்திலிருந்து ஓரத்துக்கு அல்ல. பெரும்பாலான வேன்களில் கதவு இதற்கு மேல் திறக்காமல் நிறுத்துவதே ஸ்ட்ரட்தான். 10 மி.மீ. நீளம் கூடினாலே கதவின் விளிம்பு பல சென்டிமீட்டர் கூடுதலாக எழும். கூரையில் சோலார் தகடோ, வெளிக்கூடாரப் பெட்டியோ இருந்தால் ரேக்கின் மேல் கிளாம்ப் அதில் போய் இடிக்கும்.

சுருங்கிய நீளம் பழையதைவிடக் கூடுதலாக இருக்கக்கூடாது. இருந்தால் கதவு பூட்டுவதற்கு முன்பே ஸ்ட்ரட் முட்டிக்கொள்ளும். விஷயம் தெரியாமல் ஓங்கிச் சாத்தினால் கதவின் தகடோ, குண்டு பதிந்திருக்கும் தகடோ வளையும்.

குண்டின் விட்டம் பெரும்பாலும் 10 மி.மீ., சிலவற்றில் 8. ஸ்ட்ரட்டின் முனையில் குண்டைப் பிடிக்கும் 10 மி.மீ. கிண்ணம் 8 மி.மீ. குண்டில் கிளிப் போட்ட மாதிரி தோன்றி, முதல் குலுக்கலில் கழன்றுவிடும். வெர்னியரால் அளந்துவிடுங்கள். இவற்றோடு தண்டு, சிலிண்டர் விட்டங்களையும் பாருங்கள். சிலிண்டர் பருமனாக இருந்தால் கதவோரத்து ரப்பரிலோ, உள்ளே ஒட்டிய மரப்பலகையிலோ உரசும். கேம்பராக மாற்றிய வேன்களில் ஸ்ட்ரட் மடங்கி உட்காரும் பள்ளத்தைக் காப்புப் பஞ்சும் திரைக் கம்பியும் பாதி அடைத்திருப்பது சாதாரணம்.

எப்போதும் ஜோடியாகவே வாங்குங்கள். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் கதவு முறுக்கிக்கொண்டு எழும். கண்ணாடி ஒட்டிய சட்டத்துக்கு அது நல்லதல்ல.

மாற்றும் வேலை

கருவிகள் அதிகமில்லை. மெல்லிய தட்டை ஸ்க்ரூடிரைவர், பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, நிலையான ஏணிப்படி, துணி, கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ், முன்பு செய்த முட்டுக்கம்பு. குண்டுகளையும் மாற்றுவதானால் அவற்றுக்கான ஸ்பேனரும், குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சும். தராசு இல்லாமல் நிறுத்துவதால் கம்பின் அடியில் அதே தடிமனுக்குப் பலகைத் துண்டு வையுங்கள்.

முதலில் ரேக்கிலிருந்து சைக்கிள்களை இறக்குங்கள். அளவுகள் தெரிந்துவிட்டதால் இப்போது ரேக்கையும் கழற்றிவிடலாம். கழற்றுவதே நல்லது, முட்டுக்கம்பின் மீது பாரம் குறையும். ரேக்கில் விளக்கு இருந்தால் அதன் வயரைப் பிடுங்க மறக்காதீர்கள். கதவைத் திறந்து முட்டுக்கம்பைக் கொடுங்கள். கம்பு நன்றாக ஏற்றதா என்று கதவை லேசாக அழுத்திப் பாருங்கள். முட்டு கொடுக்காமல் கிளிப்பில் ஸ்க்ரூடிரைவர் வைக்கவே கூடாது. பழைய ஸ்ட்ரட் பலவீனமாக இருந்தாலும் கதவைப் பாதி தாங்கிக்கொண்டிருப்பது அதுதான்.

பழைய ஸ்ட்ரட் எப்படி மாட்டியிருக்கிறது என்று இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கதவு மூடியிருக்கும்போது தண்டு கீழே, சிலிண்டர் மேலே இருக்கும்படிதான் பொதுவாக மாட்டியிருப்பார்கள். அப்போதுதான் எண்ணெய் சீலின் மீது தேங்கி நிற்கும். தலைகீழாக மாட்டினால் சீல் காய்ந்து சீக்கிரம் கசியும், கதவும் மேலே போய் அடிக்கும்.

இப்போது கிளிப். ஸ்ட்ரட்டின் முனையில் உள்ள கிண்ணத்தைச் சுற்றி வளைந்த பட்டைக் கம்பி ஒன்று தெரியும். ஸ்க்ரூடிரைவரின் நுனியை அதன் அடியில் செருகி, மூன்று நான்கு மில்லிமீட்டர் மட்டும் நெம்புங்கள். முழுதாகப் பிடுங்கினால் கிளிப் தெறித்து, வண்டிக்கு அடியிலோ கண்ணிலோ போய்ச் சேரும். கண்ணாடி அதற்குத்தான். கிளிப்பை நெம்பிப் பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் கிண்ணத்தைக் குண்டிலிருந்து நேராக இழுத்தால் "டக்" என்று விடும். விடவில்லையென்றால் ஸ்ட்ரட் இன்னும் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கூட இருப்பவரைக் கதவை இன்னும் ஒரு சென்டிமீட்டர் தூக்கச் சொல்லுங்கள். பாரம் நீங்கியதும் எளிதாக வரும். ஒரு முனை கழன்றதும் அந்தப் பக்கத்தைக் கையில் பிடித்தபடி மறுமுனையைக் கழற்றுங்கள்.

அளவெடுக்கத்தான் இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றினோம். மாற்றும்போது ஒவ்வொரு பக்கமாகச் செய்யுங்கள். ஆனால் ஒரு பக்கம் புதிது மாட்டிய நிலையில் கதவை மூடிப் பார்க்க வேண்டாம்.

குண்டைத் துடைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தாலோ, துரு பிடித்திருந்தாலோ அதையும் மாற்றுங்கள். இறுக்கும் அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். கைப்பலத்தில் இறுக்கினால் உள்ளே தகட்டில் பற்றவைத்த நட்டு சுழன்றுவிடும், பிறகு உள்பலகையைப் பிரிக்காமல் சரிசெய்ய முடியாது. நல்ல குண்டு என்றால் பயறளவு கிரீஸ் தடவினால் போதும்.

புதிய ஸ்ட்ரட்டைக் கையால் சுருக்கிப் பார்க்க முயலாதீர்கள். 850 நியூட்டன் என்பது 87 கிலோ பாரம். அசையவில்லையே, பழுதா என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. அது அசையாமல் இருப்பதுதான் சரி. அது முழு நீளத்தில் இருக்க, கதவுதான் அதற்கு ஏற்றபடி வர வேண்டும். இரண்டு கிண்ணங்களின் வாயும் பழையதில் இருந்த அதே திசையைப் பார்க்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் தண்டைக் கையால் திருப்புங்கள். இடுக்கி போடாதீர்கள். தண்டில் நகம் பட்ட அளவுக் கீறலும் சீலுக்கு எதிரி.

மேல்முனையை முதலில் குண்டில் வைத்து உள்ளங்கையால் நேராக அழுத்துங்கள். "க்ளிக்" என்று உட்காரும். பிறகு கூட இருப்பவர் கதவைச் சற்றே ஏற்றி இறக்க, கீழ்முனையும் அதன் குண்டுக்கு நேராக வரும்போது அழுத்துங்கள். ஸ்ட்ரட் இல்லாத நிலையில் கதவு வழக்கத்தைவிட அதிகமாக மேலே போகும் என்பதால், ஏற்றுபவர் கூரைப் பக்கம் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். இரண்டு முனைகளையும் பிடித்து வெளிப்பக்கமாக இழுத்துப் பாருங்கள், வரக்கூடாது. கிளிப் முழுதாகத் தன் பள்ளத்தில் படிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரு ஓரம் தூக்கிக்கொண்டிருந்தால் இப்போது பிடிக்கும், குலுங்கிக் குலுங்கி நூறு கிலோமீட்டர் தாண்டினால் பிடிக்காது.

அடுத்த பக்கமும் இதேபோல். முடிந்ததும் ரேக்கை மாட்டிவிட்டு, கதவை ஒரு கையால் தாங்கியபடியே முட்டுக்கம்பை எடுங்கள்.

முதல் முறை மூடும்போது

சாத்தாதீர்கள். கதவை அங்குலம் அங்குலமாக இறக்குங்கள். கூட இருப்பவர் பக்கவாட்டிலிருந்து ஸ்ட்ரட் எதிலாவது உரசுகிறதா, வயர்க் குழாய் நசுங்குகிறதா, திரை சிக்குகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கட்டும். கடைசி ஒரு சாண் தூரத்தில் தடை கடினமாகி நின்றால் உடனே நிறுத்துங்கள். சுருங்கிய நீளம் பொருந்தவில்லை. புதிய ஸ்ட்ரட் கடையில் நெடுநாள் கிடந்திருந்தால் முதல் ஓரிரு முறை சீல் ஒட்டிக்கொண்டு அடம்பிடிக்கும். ஐந்தாறு முறை திறந்து மூடினால் சரியாகிவிடும். அதற்குப் பிறகு எடுக்கும் முடிவுதான் முடிவு.

பூட்டியதும் கதவைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பாருங்கள். மூடிய கதவின் மீதும் ஸ்ட்ரட் எப்போதும் தள்ளிக்கொண்டே இருக்கும். விசை அதிகமானால் கதவின் மேல் மூலைகள் வெளியே பிதுங்கி, ரப்பர் சரியாக அழுந்தாமல் மழைநீர் உள்ளே வரும். பலமான ஸ்ட்ரட் போட்ட பிறகு படுக்கையின் பின்முனை நனைகிறதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

திறக்கும்போது தொடக்கத்தில் கதவு கனமாகத் தெரிவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். மூடிய நிலையில் ஸ்ட்ரட்டின் கோடு கீலுக்கு மிக அருகில் போவதால் அதன் உதவி மிகக் குறைவு. ரேக் வேறு கதவுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்பதால் முதல் தூக்கல் உங்கள் கையின் வேலைதான். ஒரு குறிப்பிட்ட கோணத்தைத் தாண்டியதும் ஸ்ட்ரட் வாங்கிக்கொள்ளும். ரேக் மாட்டிய கதவில் அந்தக் கோணம் முன்பைவிட உயரே இருக்கும். இது எந்த ஸ்ட்ரட் போட்டாலும் முழுதாக நீங்காத விஷயம். இதைச் சரிசெய்கிறேன் என்று இன்னும் பலமானதைத் தேடிப் போவதுதான் பலர் செய்யும் இரண்டாவது செலவு.

நிற்க வேண்டிய உச்சியில் நின்று, ஒரு கையால் இழுத்தால் இறங்கி, கடைசியில் வலிந்து அறையாமல் பூட்டினால் சரியான எண்ணை வாங்கியிருக்கிறீர்கள். மறுநாள் விடியற்காலையில், வண்டி நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது, ரேக்குடன் ஒருமுறை திறந்து அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். கீழ்விளிம்பின் உயரத்தைத் தொடக்கத்திலும் முடிவிலும் அளந்தால் ஒரு சென்டிமீட்டர் இறக்கம்கூடத் தெரிந்துவிடும். சரிவில் நிறுத்தும்போதும் பலத்த காற்றிலும் கணக்கு மாறும். காற்று அடியில் புகுந்தால் திறந்த கதவு பாய்மரம் மாதிரி. அத்தகைய நாளில் முட்டுக்கம்பையும் சேர்த்துக் கொடுப்பதில் தவறில்லை. அறுத்து வைத்த கம்பு அளவாகவே இருக்கிறது, வண்டியிலேயே கிடக்கட்டும்.

தண்டுக்கு எண்ணெய், கிரீஸ், பெயின்ட் எதுவும் போட வேண்டாம். தூசி ஒட்டி சீலை அரிக்கும். மண்சாலையில் ஓடிவந்தால் மென்துணியால் துடைப்பது போதும். முதல் மாதம் கழித்துக் கிளிப்புகளையும், குண்டுகள் பதிந்த இடத்தையும், கீலைச் சுற்றிய பெயின்டையும் ஒருமுறை பாருங்கள். விசை கூடிய பிறகு புதிதாக ஏதாவது வெடிப்புத் தெரிந்தால் காத்திருக்காமல் பழைய விசைக்குத் திரும்பி, கீலைப் பார்க்கக் கொடுங்கள்.

கழற்றிய ஜோடி இன்னும் கசியாமல், வெறும் கதவைத் தாங்கும் நிலையில் இருந்தால் ரேக் இல்லாத காலத்துக்கு அதையே வைத்துக்கொள்ளலாம். தண்டு கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்தி வையுங்கள், எந்த ஜோடி எத்தனை நியூட்டன் என்று டேப்பில் எழுதி ஒட்டுங்கள். கசிந்துபோனதைக் குப்பையிலோ, மற்ற இரும்போடு கலந்தோ போடாதீர்கள். பழைய இரும்பு எடுப்பவரிடம் கொடுக்கும்போது உள்ளே அழுத்த வாயு இருப்பதை வாயாலும் சொல்லி, சிலிண்டரின் மீதும் பெரிதாக எழுதிக் கொடுங்கள். அங்கே அதை வெட்டப்போகிறவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.